தமிழில் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்த மானிப்பாய் டாக்டர்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது காற்றாலைகளைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றுதான் ஒப்புக்கொண்டேன். பதினைந்து வருஷமாக சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் அதுதானே என் பிழைப்பு. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று எந்த மாதம் எந்த வேகத்தில் இறங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் போன ஆடியில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியம் மனதை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே பொறியியல் கட்டுரையை எதிர்பார்த்த நண்பர்கள் மன்னிக்க வேண்டும். இது ஒரு டாக்டரின் வாழ்க்கை. அவர் நம்ம ஊர்க்காரர் இல்லை, நம் நாட்டுக்காரரும் இல்லை. அவர் இறந்து நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகளுக்கு வயது ஒன்றரை. பிறவியிலேயே பித்தக்குழாய் அடைப்பு. கல்லீரல் கெட்டுப்போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள். அத்தான் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். இடது பக்க ஓரத்துண்டு, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போல. குழந்தைக்கு அது போதும். கொடுத்தவருக்கும் கொஞ்ச நாளில் கல்லீரல் வளர்ந்து ஈடுகட்டிக்கொள்ளும். வயிற்றை அகலமாகக் கிழிக்காமல், நாலைந்து சிறு துளை போட்டு, உள்ளே கேமராவை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே வெட்டி, அடிவயிற்றில் ஒரு கீறல் வழியாகத் துண்டை வெளியே எடுத்தார்கள். இந்த முறையில் ஒரு பெற்றோரின் கல்லீரல் துண்டை எடுத்து குழந்தைக்கு வைத்ததை பாரிஸைச் சேர்ந்த டேனியல் ஷெர்க்கி குழுவினர் 2002-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். இன்று சென்னையில் நடக்கிறது. இருவரும் நலம். அத்தான் இப்போது மேலகரத்தில் தன் கடையில் உட்கார்ந்து வழக்கம்போல் எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த நேரத்தில் எனக்குள் ஒரே கேள்வி. இதை இவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்? மற்ற ஆபரேஷன்களில் மேஜையில் படுத்திருப்பவர் நோயாளி. கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும், செய்யாவிட்டால் இதைவிட மோசம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கல்லீரல் கொடுப்பவர் அப்படி இல்லை. நல்லா நடந்து வந்து படுத்த ஆள். அவருக்கு ஒரு ஆபத்து என்றால் சமாதானம் சொல்லவே முடியாது. அப்படிப்பட்டவர் மேல் ஒருவர் முதன்முதலாகக் கை வைத்துப் பழகுவது எப்படி?

குழுவிலிருந்த இளம் டாக்டர் ஒருவர், நம்ம பக்கத்துப் பையன்தான், பிறகு ஒருநாள் பொறுமையாக விளக்கினார். முதலில் பித்தப்பை, குடல்வால் என்று சாதாரணத் துளை ஆபரேஷன்களில் கை பழக வேண்டும். திறந்த முறையில் கல்லீரல் எடுப்பதில் வருஷக்கணக்கில் கூட நிற்க வேண்டும். பிறகு கேமரா பிடிக்க வேண்டும். இது எடுபிடி வேலை என்று நினைத்துவிடக் கூடாது, பெரியவரின் கண் எங்கே போகும் என்பதை முன்கூட்டியே அறிகிற வேலை அது. அப்புறம் ஆபரேஷனில் ஒரு சிறு கட்டத்தை மட்டும் செய்ய விடுவார்கள், அடுத்த தடவை இன்னொரு கட்டம். எல்லாக் கட்டமும் கைக்கு வந்த பிறகு முழுசாகச் செய்யும்போதும் ஆசிரியர் பக்கத்திலேயே நிற்பார். தேவைப்பட்டால் கருவியைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வார். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் புதிதாகத் தொடங்குகிறார்கள் என்றால், தெரிந்தவர் ஒருவர் அங்கேயே போய் முதல் சில ஆபரேஷன்களுக்கு உடன் நின்றுவிட்டு வருவார்.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எண்பது மீட்டர் உயரக் கோபுரத்தில் ஜூனியர் பையனைக் கியர் பெட்டிக்கு அனுப்பும்போது நாங்கள் செய்வதும் இதேதான். குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் தொழில் படிப்பதும் இப்படித்தான். அப்பா கைக்குக் கீழே மகன் கை. அப்படியானால் மேல்நாட்டு அறுவை வைத்தியத்தை நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்படிக் கைக்குக் கை கற்றுக்கொடுக்க ஆரம்பித்தது யார் என்று தேடிப் பார்த்தேன். தேடல் கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் மானிப்பாயில் போய் நின்றது. சாமுவேல் பிஸ்க் கிறீன். அங்கே அப்படித்தான் எழுதுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பள்ளிப் புத்தகத்தில் அறிவியல் தமிழ் என்று வரும் இடத்தில் ஒரு வரியாக அவரை நம்மில் சிலர் பார்த்திருப்போம். அந்த ஒரு வரிக்குள் அடங்குகிற ஆள் இல்லை.

கிறீன் பிறந்தது 1822 அக்டோபர் 10, அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் உஸ்டர் நகரில். அதே 1822-ன் டிசம்பரில்தான் யாழ்ப்பாணம் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். ஒருவர் கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்தவர், மற்றவர் அதை எதிர்த்துச் சைவத்தைக் காத்தவர். இருவருமே அச்சுத் தமிழ் உரைநடைக்குப் பாடுபட்டார்கள் என்பது ஒரு வேடிக்கை. கிறீனுக்கு ஆண்ட்ரூ என்று ஒரு அண்ணன். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாக உழைத்தவர், தனித்தனியாகக் கிடந்த பகுதிகளை 1898-ல் ஒரே பெருநகரமாக்கியதில் முக்கியமானவர். அண்ணன் அப்படி ஊரை ஆள, தம்பி நம்ம பக்கம் கப்பலேறினார்.

நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845-ல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் அக்டோபரில் பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில், ஈதர் என்ற மருந்தை முகர வைத்து, வலி தெரியாமல் ஆபரேஷன் செய்யலாம் என்று உலகத்துக்குச் செய்து காட்டினார்கள். அதற்கு முன்னால் அறுவை என்றால் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நோயாளி அலற, டாக்டர் அவசர அவசரமாக அறுத்து முடிப்பதுதான். ஈதர் வந்து ஆறே மாதம் கழித்து, 1847 ஏப்ரலில், அதே பாஸ்டனிலிருந்து கிறீன் கப்பலேறினார். சென்னை வழியாக அக்டோபரில் யாழ்ப்பாணம். அப்போது அவருக்கு இருபத்தைந்து நிரம்பும் நேரம். அடுத்த மாதம் எடின்பரோவில் குளோரோபாரம் பற்றிய செய்தி வெளியானது. மருத்துவத் தொழிலே தலைகீழாக மாறிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு இளைஞன் அதை ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு பனங்காட்டுக்குள் வந்து இறங்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க மிஷன் 1816-லிருந்தே யாழ்ப்பாணத்தில் இருந்தது. அங்கே அவருக்கு முன்பே டாக்டர்கள் இருந்தார்கள். ஜான் ஸ்கடர் 1819-ல் வந்து பண்டத்தரிப்பில் பல வருஷம் வைத்தியம் பார்த்தார். அவருக்குப் பின் நேதன் வார்ட். இந்த ஸ்கடரின் பேத்திதான் வேலூரில் ஆஸ்பத்திரியையும் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கிய ஐடா ஸ்கடர். நம்மில் எத்தனை பேர் வீட்டில் வேலூருக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள்! அதன் வேர் இந்த யாழ்ப்பாணக் கரையில் கொஞ்சம் ஓடுகிறது.

முதலில் வட்டுக்கோட்டை, பிறகு 1848-ல் மானிப்பாய். அங்கேதான் கிறீன் நிலைத்தார். போன வருஷமே ஒரு சில பையன்களைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார். கல்லூரிக் கட்டடம், பேராசிரியர் குழு, பல்கலைக்கழக அங்கீகாரம் எதுவும் கிடையாது. ஒரு டாக்டர், ஒரு மருந்துச்சாலை, வாசலில் நோயாளிகள் கூட்டம், கூடவே மாணவர்கள். அவ்வளவுதான். ஒரே சமயத்தில் பெரிய கூட்டமாகச் சேர்க்கவும் மாட்டார். மூன்று, நாலு, ஏழு, எட்டு என்று சிறு சிறு தொகுதி. ஏன் என்று யோசித்தால் புரியும். ஒரு ஆசிரியர் பக்கத்தில் ஒரு ரணத்தைச் சுற்றி எத்தனை பேர் குனிந்து பார்க்க முடியும்?

1850-ல் யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் பெர்சிவல் டைக்கின் முயற்சியில் ஒரு ஆஸ்பத்திரி எழுந்தது. இன்றைய யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையின் தொடக்கம் அதுதான். அதன் மருத்துவப் பொறுப்பிலும் கிறீனுக்குப் பங்கு இருந்தது. மாணவர்களுக்கு இது பெரிய வரம். புத்தகத்தில் படித்ததைப் படுக்கையில் பார்க்கலாமே. கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி வந்தது 1870-ல்தான். அதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே ஒரு கிராமத்து மருந்துச்சாலையிலிருந்து தமிழ் டாக்டர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் ஒரு சிக்கல் வந்தது. இதைப் படிக்கும்போது நம் கல்லூரியை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அவர் பாடம் நடத்தியது ஆங்கிலத்தில். மாணவர்களும் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்து வந்த கெட்டிக்காரர்கள். மூன்று நாலு வருஷம் கூடவே வைத்துக்கொண்டு, கை பிடித்துக் கற்றுக்கொடுத்து, டாக்டர் என்று அனுப்பினால், ஊருக்குப் போய் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. அவர்களோ ஆங்கிலம் தெரிந்த மருத்துவர்களைத் தேடிக்கொண்டிருந்த அரசாங்க உத்தியோகத்துக்கும் நல்ல சம்பளம் தரும் இடங்களுக்கும் போனார்கள். மாத வருமானம் நிச்சயம், மரியாதை உண்டு, யார்தான் போகமாட்டார்கள்? குடும்பத்தில் மூத்த பையன், பின்னால் தங்கைகள் என்றால் இன்னும் கேட்கவே வேண்டாம். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? நம் வகுப்பில் படித்த அறுபது பேரில் இன்று தென்காசி மாவட்டத்துக்குள் இருப்பவர்கள் என்னையும் சேர்த்து நாலே பேர். மற்றவர்கள் பெங்களூரு, சென்னை, துபாய். சாரல் சமயத்தில் மட்டும் குடும்பத்தோடு வந்து, மெயின் அருவியில் குளித்து, ஊர் இன்னும் அப்படியே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போகிறார்கள். இருக்கட்டும்.

கிறீனுக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை இது. 1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி என்ற புகழ்பெற்ற உயர்கல்வி நிலையத்தையே மிஷன் 1855-ல் மூடிவிட்டது. அங்கே படித்தவர்கள் ஆங்கிலத்தோடு உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. மிஷன் கதவைச் சாத்தியது. கிறீனோ கதவை மாற்றி வைத்தார்.

1857-ல் ஓய்வுக்காக அமெரிக்கா போனவர், 1862-ல் மார்கரெட் என்ற பெண்ணைத் திருமணம் செய்து அழைத்துக்கொண்டு திரும்பி வந்தார். 1864 முதல் மருத்துவ வகுப்பை முழுக்கத் தமிழிலேயே நடத்துவது என்று முடிவு செய்தார். அந்த முடிவின் கனத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழில் மேல்நாட்டு மருத்துவப் புத்தகம் என்று அவரே 1850-களில் போட்ட ஓரிரண்டைத் தவிர எதுவும் இல்லை. உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் பற்றி கட்டர் என்பவர் எழுதிய நூல் ஒன்று, 1857-ல் வந்த பிரசவ வைத்தியம் ஒன்று. அறுவைக்கு இல்லை. வேதியியலுக்கு இல்லை. எலும்புக்கும் நரம்புக்கும் முழுசாகப் பெயரே இல்லை. அந்த நிலையில் ஒரு அமெரிக்கர், அரசாங்கம் ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு நாட்டில், டாக்டர் படிப்பைத் தமிழில் நடத்துகிறேன் என்கிறார்.

புத்தகங்களைத் தானே உண்டாக்கினார், தனியாக அல்ல. இங்கேதான் அவருடைய பயிற்சி முறையின் அழகு. தன்னிடம் ஆங்கிலத்தில் படித்துத் தேறிய பழைய மாணவர்களை, டான்போர்த், சாப்மன் போன்றவர்களை, மொழிபெயர்ப்பில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஆபரேஷனில் உதவிக்கு நின்றவர்கள் இப்போது புத்தகத்துக்கு உதவிக்கு நின்றார்கள். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம தமிழ்ப் பிள்ளைகள்தான். மிஷன் பள்ளியில் சேரும்போது அமெரிக்காவில் பணம் கொடுத்த புண்ணியவானின் பெயரை வைத்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம்.

சொல் உண்டாக்குவதற்கு அவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடுவது. அங்கேயும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ற மாதிரி வளைத்து எழுதிக்கொள்வது. உடற்கூறுக்கு அங்காதிபாதம். பழைய வைத்திய ஏடுகளின் வாசனை அடிக்கிறதல்லவா? உடலியக்கத்துக்குச் சுகரணம். வேதியியலுக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. கெமிஸ்திரியை எடுத்து வாலை நறுக்கி, கெமிஸ்தம் என்று வைத்துவிட்டார். பல சொற்கள் நிலைக்கவில்லை, உண்மைதான். ஆனால் ஒரு துறைக்கு முதல் சொல் போடுகிறவன் தப்பான சொல் போட்டாலும் பரவாயில்லை, பின்னால் வருகிறவன் திருத்த ஒன்று கிடைக்கிறதே என்பது என் கட்சி. இன்னும் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு துறைக்கும் ஆங்கிலம்-தமிழ் சொற்பட்டியல் அச்சடித்தார். அடுத்து எழுதுகிறவர் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கக் கூடாது என்பதற்காக.

1867-ல் இரண வைத்தியம் வெளிவந்தது. லண்டன் ராபர்ட் டுரூயிட் எழுதிய அறுவை நூலின் தமிழ் வடிவம். தலைப்பையே பாருங்கள். ஆப்பரேஷன், சத்திரம் என்றெல்லாம் போகாமல் இரணம் என்கிறார். இன்றும் எங்கள் ஆச்சி, ஆறாத புண்ணை ரணமாகிவிட்டது என்றுதான் சொல்வாள். அவளுக்கு அந்தப் புத்தகத்தின் தலைப்பு விளங்கும். எனக்குத் தெரிந்த வரையில் இன்றைய எந்த மருத்துவப் புத்தகத்தின் தலைப்பும் ஆச்சிக்கு விளங்காது. உள்ளே காயம், எலும்பு முறிவு, மூட்டு விலகல், குடலிறக்கம், மூத்திரப்பைக் கல், கை கால் துண்டிப்பு என்று ஒரு கிராமத்து டாக்டருக்கு வந்து சேரும் சங்கடங்கள் அத்தனையும் உண்டு.

அதே 1867-ல்தான் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலம் பூசினால் அறுத்த இடம் சீழ் பிடிக்காமல் ஆறும் என்று கட்டுரைகள் எழுதினார். அதாவது, கிருமி என்ற எண்ணம் அறுவைக்கூடத்துக்குள் நுழைவதற்கு முன்னால் எழுதப்பட்ட நூல் இது. கை கழுவுவதன் அருமைகூட அன்று உலகத்தில் பெரும்பாலான டாக்டர்களுக்குத் தெரியாது. ஆகவே அந்த நூலை இன்று வைத்தியத்துக்குப் பயன்படுத்த முடியாது. ஆனால் லண்டனில் படித்த ஒரு மாணவனுக்கும் மானிப்பாயில் வேட்டி கட்டிக்கொண்டு படித்த ஒரு மாணவனுக்கும் அன்று கிடைத்தது ஏறக்குறைய ஒரே பாடம். வேட்டி என்று நான் சும்மா சொல்லவில்லை. மாணவர்கள் கோட்டும் கால்சட்டையுமாக மாறுவது கிறீனுக்குப் பிடிக்காது. தமிழராகவே இருந்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதில் பிடிவாதம்.

1872-ல் மனுஷ அங்காதிபாதம். ஹென்றி கிரேயின் உடற்கூறு நூல். இன்றும் எம்.பி.பி.எஸ். பையன்கள் தலையணை மாதிரித் தூக்கிக்கொண்டு அலைகிறார்களே, அதே கிரே. ஆங்கிலத்தில் 1858-ல்தான் முதல் பதிப்பு வந்தது. கிரே பாவம், 1861-ல் அம்மை வந்து முப்பத்து நாலு வயதில் போய்விட்டார். பதினாலே ஆண்டில் அது தமிழுக்கு வந்துவிட்டது! அதே 1872-ல் பொது மருத்துவத்துக்கு வைத்தியாகரம். 1875-ல் கெமிஸ்தம். இந்த வரிசையில் சில நூல்கள் கடல் கடந்து வந்து நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகத்தில் அச்சாகியிருக்கின்றன. நம்ம ஊரிலிருந்து பஸ்ஸில் போய் மாலைக்குள் திரும்பிவிடுகிற தூரம். மொத்தத்தில் அவர் எழுதியும் மொழிபெயர்த்தும் மேற்பார்த்தும் வெளிவந்தவை நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. நம் கல்லூரியில் முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் போய்விட்டது. பாடம் புரியாமல் இல்லை, கேள்வி புரியவில்லை. அப்போது எங்கள் வகுப்பு சீனியர் ஒருவர், ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து, முறுக்கு விசையையும் வளைவு விசையையும் ஒரு ஓலை விசிறியை முறுக்கிக் காட்டித் தமிழில் சொல்லித்தந்தார். பதினைந்து நிமிஷம்தான். அப்புறம் ஆங்கிலப் புத்தகமும் புரிந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டிலும் தமிழ் வழிப் படிப்பைத் தொடங்கியபோது, வேலை கிடைக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. கிறீனிடமும் அன்று அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

அவருக்கு அதற்குப் பதில் இருந்தது. உத்தியோகம் கிடைக்காது, அதனால்தான் தமிழ் என்பது அவர் பதில். தமிழில் படித்தவன் கொழும்புக்குப் போக மாட்டான், சாவகச்சேரிக்கோ பருத்தித்துறைக்கோ போய் ஊரிலேயே தொழில் பார்ப்பான் என்பது கணக்கு. கொஞ்சம் கடுமையான கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு பையனுடைய வழியை அடைத்து ஊருக்கு நல்லது செய்வது நியாயமா என்று என் மனைவி கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் ஊரில் டாக்டரே இல்லாத கர்ப்பிணிப் பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. இன்னொன்று. அவர்கள் நோயாளியிடம் பேசிய மொழியும், படித்த மொழியும், அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய மொழியும் ஒன்றாகிவிட்டது. காலரா வந்தால் கிராமம் கிராமமாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வை, இதைக் குடி, அதைத் தொடாதே என்று சொல்ல அந்த மொழிதான் உதவும். யாழ்ப்பாணத்தில் அந்த நூற்றாண்டில் காலரா திரும்பத் திரும்ப வந்து உயிர்களை அள்ளியது. கிறீனும் அவர் மாணவர்களும் அதற்குள் நின்று வேலை பார்த்தார்கள்.

அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதையும் மறைக்க வேண்டாம். மருந்துச்சாலையில் மருந்தோடு பிரசங்கமும் உண்டு. அதற்கு எதிர்ப்பும் இருந்தது. ஆனால் மருந்து வாங்க வந்தவர்களில் பெரும்பாலோர் சைவர்கள்.

1848-லிருந்து 1873 வரை அவர் கையில் பயிற்சி பெற்று வெளியே வந்தவர்கள் 60 பேருக்கு மேல். அதில் சரிபாதி போலத் தமிழில் படித்தவர்கள். கால் நூற்றாண்டுக்கு அறுபது என்றால், இன்று ஒரு மருத்துவக் கல்லூரியில் ஒரே வருஷத்தில் சேருகிறவர்களைவிடக் குறைவு. எண்ணிக்கை பார்த்தால் ஒன்றுமில்லைதான். கல்லீரல் டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பது என்றால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும்.

உடம்பு இடம் கொடுக்காமல் 1873-ல் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. இத்தோடு கதை முடிந்திருந்தாலும் பெரிய காரியம்தான். ஆனால் உஸ்டரில் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார் மனிதர். யாழ்ப்பாணத்திலிருந்த பழைய மாணவர்களும் அவரும் கப்பல் தபாலில் கடல் தாண்டி வேலை பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவர் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் போன பிறகும் பக்கத்தில் நின்ற மாதிரியேதான். டால்டனின் மனுஷ சுகரணம் அப்படித்தான் 1883-ல் வந்தது. இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றிய இந்து பதார்த்த சாரம் 1884-ல். நம்ம குற்றாலக் கடைத்தெருவில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் வேர், பட்டை வகைகளில் பலவற்றின் குணத்தை மேல்நாட்டு முறையில் தமிழில் தெரிந்துகொள்ள வழி செய்தது அது.

அந்த 1884-லேயே, மே 28-ல், அவர் இறந்தார். அவர் எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1891-ல் ஒரு வாழ்க்கை வரலாறு வந்தது. இன்றைக்கு அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கடிதங்களால்தான்.

பிறகு என்ன ஆயிற்று என்று இளம் மாணவர்கள் கேட்கலாம். தமிழ் வழி மருத்துவ வகுப்பு அவர் போனபின் நெடுநாள் நிலைக்கவில்லை. கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது, அரசு அங்கீகாரமும் சம்பளமும் அந்தப் பக்கம் இருந்தன. கிறீன் அடைக்க நினைத்த வழி கடைசியில் பெருவழியாகிவிட்டது. தமிழ்நாட்டிலும் மருத்துவம் ஆங்கிலத்தில்தான் வளர்ந்தது. திருநெல்வேலிக்கு 1965-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. 2019-ல் தென்காசி தனி மாவட்டமானது. முன்பெல்லாம் பித்தப்பைக் கல் என்றால் மதுரைக்கு ஓடுவோம், இப்போது தென்காசியிலேயே துளை போட்டு எடுத்துவிட்டு அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த டாக்டர்களும் யாரோ ஒருவர் பக்கத்தில் கேமரா பிடித்து நின்று கற்றவர்கள்தான்.

எங்கள் இளம் டாக்டரிடம் கிறீனைப் பற்றிச் சொன்னேன். பெயர் கேள்விப்பட்டதில்லை என்றார். தான் கேமரா பிடித்த நாட்களில் ஆசிரியர் ஆபரேஷன் நடுவில் எந்த மொழியில் சொல்லித்தருவார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். ரத்தக்குழாயின் பெயர், கருவியின் பெயர் எல்லாம் ஆங்கிலம். மெதுவா, விடு, இழுக்காதே, இன்னும் கொஞ்சம் கீழே, அங்கதான் என்பதெல்லாம் தமிழ்.

மானிப்பாயில் அவர் தொடங்கிய மருத்துவமனை கிறீன் நினைவு மருத்துவமனை என்ற பெயரில் இருக்கிறது. உஸ்டரில் அவர் கல்லறைக் கல்லில் தன்னைப் பற்றி என்ன பொறிக்க வேண்டும் என்று அவரே எழுதி வைத்திருந்தார். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. கூடவே தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற பொருளில் ஒரு வரி. பிறகு அவருடைய கடவுளின் பெயர். வேறொன்றும் இல்லை.